நாட்ராயன் வூட்டுக்குப் போற கீரை

சித்த நவுந்து உக்காருங்க தம்பி. சன்னலோரம் நான் உக்காந்துக்கறனுங்க, காத்து இல்லீன்னா எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துரும். பை ரெண்டையும் காலடியில வெச்சுக்கட்டுமுங்களா? கீரைதான், வேற ஒண்ணுமில்ல. என்ற பக்கம் இருக்கறது எங்கண்ணன் மவ ரேணுகாவுக்கு. அவ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் பெரியாசுபத்திரி ஸ்டாப்புல நிப்பா, சன்னல் வழியாவே குடுத்தர்லாம். உங்க பக்கம் இருக்கறது நாட்ராயன் வூட்டுக்கு. அவன் வூடு ஆசுபத்திரிக்கு ரெண்டு ஸ்டாப்பு அக்கட்டால. நான் அங்கதான் எறங்கோணும்.

நாட்ராயனத் தெரியாதுங்களா? பிளேட்டிங் கம்பெனி நாட்ராயன். பனியன் கம்பெனிக்காரங்களுக்குப் பட்டன், ஜிப்பு, பெல்ட்டுக் கொக்கி, இதுக்கெல்லாம் பளபளன்னு முலாம் பூசிக் குடுக்கறவன். பொறவாசல் பக்கம் பழைய பேட்டரிய ஒடைச்சு ஈயம் உருக்கறதும் உண்டு, அத போர்டுல எழுதல. நல்லாப் பேசுவான். வாயத் தொறந்தா அக்காதான். மயிலக்கா, மயிலக்கா. எம்பேரு மயிலாத்தாளுங்க. எங்க ஊரு ஒத்தப்பனைக்காடு, ஆத்தோரத்துல. அவனும் எங்கூர்தான். ஒரே கோயில்ல பொங்க வெக்கறவிய. அவன் நல்லா இருக்கக் கூடாதுங்க தம்பி. எலும்பு எலும்பா ஒடைஞ்சு, ஒண்ணுக்குப் போவ முடியாம, கெடையில கெடந்து கத்திச் சாவோணும். எங்கூட்டுக்காரரு எப்படிப் போனாரோ அப்படியே போவோணும்.

அப்படிப் பாக்காதீங்க. காலையில இருந்து ஆருகிட்டயும் பேசல, அதான் பொசுக்குனு வந்துருச்சு. டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? அப்பறம் என்ன, கேளுங்க.

எங்க ஆறு முன்னாடியெல்லாம் கலர் கலராத்தான் வரும். மேக்க சாயப்பட்டறைக இருந்துது. ஒரு நாளைக்குச் செவப்பு, ஒரு நாளைக்கு நீலம். எருமை எறங்கிக் கரையேறுனா நாலு காலும் ஊதாவா இருக்கும். அந்தத் தண்ணிய நாங்க ஆரும் தொட மாட்டோமுங்க. துணிகூட அலச மாட்டோம். கலரு கண்ணுக்குத் தெரியுதில்ல, அப்பறம் எந்தக் கேனையன் குடிப்பான்? கடைசியில மறியல் பண்ணுனோம். நான் ரோட்டுல படுத்தவ தம்பி. பொம்பளப் போலீசு நாலு பேரு தூக்கித்தான் வண்டியில போட்டாங்க. எப்படியோ சாயப்பட்டறையெல்லாம் மூடி, ரெண்டு பெருமழை வந்து அடிச்சுட்டுப் போன பொறவு ஆறு வெளுத்துச்சு. அடியில கெடக்கற கூழாங்கல்லு தெரிஞ்சுது. மீனு வந்துது. நாங்க செயிச்சுட்டோம்னு நெனச்சோம்.

அந்த வருசந்தான் நாட்ராயன் மேக்கால கம்பெனி போட்டான். ஊருல பத்துப் பேருக்கு வேலை குடுக்கறவன், நம்ம பையன், அவனுக்கு மாலையும் மருவாதியும். ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆத்துல நின்னுது. மொளைப்பாரி எடுத்துட்டு வந்து, தண்ணியில மஞ்சக் கயிறு விட்டு, பூவு விட்டு, பொம்பளைக நாங்க கண்ணுல தண்ணி வர நின்னோம். அவன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு எறங்கி, ஒரு சொம்புத் தண்ணிய மோந்து ஒசரத் தூக்கிப் புடிச்சான். “பாத்துக்குங்க, மொகம் தெரியுது! எங்காத்துத் தண்ணி!”ன்னான். கண்ணு ரெண்டுலயும் ஒத்திக்கிட்டான். அப்படியே சொம்ப எங்கூட்டுக்காரரு கையில குடுத்தான். அவரு மொடமொடன்னு குடிச்சாரு. நானும் குடிச்சேன். ஊரே குடிச்சுது.

அவன் குடிக்கலீங்க தம்பி. கண்ணுலதான் ஒத்திக்கிட்டான். அன்னிக்கு நான் அத பக்தின்னு நெனச்சேன்.

எங்களுக்கு என்னங்க தெரியும்? சாயத்தண்ணியப் பாத்துப் பாத்து வளந்தவிய நாங்க. கலர் இருந்தா வெசம், கலர் இல்லீன்னா நல்ல தண்ணி, அவ்வளவுதான் எங்க படிப்பு. ஆத்தோரத்துல ஊத்துக்கெணறு வெட்டிக் குடிக்கறதுக்கு எடுத்தோம். தோட்டத்துக்குப் பாச்சுனோம். கண்ணாடியாட்டம் தண்ணி. அதுக்குள்ள ஒருத்தன் ஈயத்தையும் இன்னொரு கருமாந்தரத்தையும் கரைச்சு விடுவான்னு கனவா கண்டோம்?

எங்கூட்டுக்காரருக்கு மொதல்ல இடுப்புல வலி. பாத்தி கட்டுன வலின்னு தைலம் போட்டு நீவி விட்டேன். அப்பறம் நடை மாறிப் போச்சு, வாத்தாட்டம் அசைஞ்சு அசைஞ்சு நடந்தாரு. “என்ன மாப்ள, மாப்பிள்ள நடை நடக்கற?”ன்னு ஊருல கிண்டல் பண்ணுனாங்க. அவருஞ் சிரிச்சாரு. ஒரு நா காலையில மொளகா வறுத்துட்டு இருந்தேன், நெடிக்குத் தும்முனாரு. ஒரே ஒரு தும்மல் தம்பி. விலா எலும்பு ஒடைஞ்சு போச்சு. தும்முனதுக்கு எலும்பு ஒடையுமுங்களா? டாக்டரே நம்பல, “ஆராவது ஒதச்சாங்களா?”ன்னு என்னையத்தான் மொறைச்சுப் பாத்தாரு. அப்பறம் பாத்தா கிட்னி போயிருக்குது. அந்தக் கோடையிலதான் எங்க செவலை மாடு செத்த கன்னாப் போட்டுது. நான் அந்த மாட்டக் கட்டிப் புடிச்சு அழுதனுங்க. மனுசனுக்காவது எங்க வலிக்குதுன்னு சொல்ல வாய் இருக்குது. அது என்ன பண்ணும்? பின்னால தண்ணிதான் காரணம்னு தெரிஞ்சதும், அது இந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு மலையடிவாரத்துல எங்க ஒறம்பரை வூட்டுக்குத் தாட்டி விட்டுட்டேன்.

அவரு போயிட்டாரு. எழவுக்கு நாட்ராயன் வந்தான், ஆளுயர மாலையோட. வந்து நின்னு, எங்கிட்ட மொல்லமாச் சொல்றான்: “அண்ணனுக்கு சுகர் இருந்துதில்லீங்க்கா? சித்த கட்டுப்பாடா இருந்திருக்கோணும்.” எனக்கு அப்பவே சுருக்குன்னுது. சுகரே கெடையாதுங்க அவருக்கு. கருமாதிக்கு மறுக்கா வந்தான். எலையில கீரைக் கடைசல் போட்டிருந்தோம், எங்க தோட்டத்து அரக்கீரை. அத ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு, எந்திரிக்கறப்பச் சொன்னான்: “உங்க தோட்டத்துக் கீரை ருசி எங்கயும் வராதுங்க்கா. டவுனுல எல்லாம் மருந்தடிச்சதுதான் கெடைக்குது.” சும்மா வாய்க்குச் சொன்னது அது. நானும் வாய்க்குத்தான், “அதுக்கென்ன தம்பி, குடுத்து விடறேன்”னேன்.

அதா! அதா பாருங்க, சன்னல்ல பாருங்க, அதான் அவன் கம்பெனி! நீல போர்டு! மரமெல்லாம் நட்டு வெச்சிருக்கறான் பாருங்க முன்னாடி, ஊரை ஏமாத்தறதுக்கு. நாசமாப் போறவனே, நீ உருப்படுவியாடா? த்தூ! கண்ணு ரெண்டும் அவிஞ்சு... அட, என்னங்க இந்த டிரைவரு, இப்படியா பிரேக் போடுவான்? கீரை கொட்டிப் போச்சுங்களா? ரெண்டு பையுமா? அள்ளிப் போட்ருங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எனக்குக் குனிஞ்சா மூச்சு முட்டும். நான் இந்த எழவு போர்டு மறையற வரைக்கும் பாத்தாத்தான் எனக்கு ஆறும். த்தூ. எல்லாம் எடுத்துட்டீங்களா? நல்ல புள்ளைங்க நீங்க. உங்கம்மா நல்லா வளத்திருக்கறாங்க.

எங்க உட்டேன்? ஆங், கருமாதி. அதுக்கப்பறம் ஒரு நா காலேஜ்ல இருந்து பசங்களும் புள்ளைகளுமா பாட்டிலோட வந்தாங்க. தண்ணி எடுத்தாங்க, மண்ணு எடுத்தாங்க, கீரையும் பறிச்சுட்டுப் போனாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அதுல ஒரு புள்ள மட்டும் திரும்ப வந்துது. கண்ணாடி போட்ட புள்ள, நல்ல கொணம். “அம்மா, தண்ணியில ஈயமும் காட்மியமும் கலந்திருக்குது, குடிக்காதீங்க”ன்னுது. காச்சிக் குடிக்கறேன்னேன். “காச்சுனா கிருமிதாம்மா சாவும், இது சாவாது. தண்ணி சுண்டச் சுண்ட இது அப்படியே தங்கி இன்னும் கெட்டியாத்தான் ஆவும்”ன்னுது. கீரைய நாலு தண்ணியில அலசறேன்னேன். “அலசுனா மேல ஒட்டுன மண்ணு போவும், உள்ள ஏறுனது போவாது. கீரைதாம்மா மண்ணுல இருந்து ரொம்ப உறிஞ்சும். ஒரு நாள்ல ஒண்ணும் பண்ணாது. கொஞ்சங் கொஞ்சமா ஒடம்புல சேந்துக்கிட்டே வந்து கிட்னியையும் எலும்பையும் அரிக்கும்”ன்னுது. கடைசியில என்னமோ சின்னப் புள்ளைகளுக்குக் கொஞ்சமே போதும், மூளைய அடிக்கும்னுஞ் சொல்லுச்சு. நம்மூட்டுல ஏது சின்னப் புள்ளைன்னு நான் அத அவ்வளவாக் காதுல போட்டுக்கல.

அந்தப் புள்ள போன பொறவு ஆபீசருகளுக்குச் சொன்னோம். வந்தாங்க. நாட்ராயன் தொட்டியக் காட்டுனான், மோட்டாரக் காட்டுனான், எளநி வெட்டிக் குடுத்தான். ஆத்துல எறங்கிப் பாத்துட்டு, “தண்ணி தெளிவாத்தான இருக்குது?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. படிச்சவனுக்கும் எங்க படிப்புத்தான் போலன்னு வந்துட்டேன்.

அன்னிக்கு வாய்க்கா மேட்டுல உக்காந்தேனுங்க. கீரைப் பாத்தியப் பாத்துட்டே இருந்தேன். பச்சைப் பசேல்னு, எண்ணெய் தடவுனாப்புல மினுமினுன்னு இருக்குது. ஒடம்புல கொஞ்சங் கொஞ்சமாச் சேரும். கிட்னிய அரிக்கும். எலும்ப அரிக்கும். ஆருக்கும் தெரியாது. ஒரு டாக்டருக்கும் மொதல்ல புடிபடாது. அந்தப் புள்ள எங்கிட்டச் சொன்னது என்ற நல்லதுக்குத்தான். ஆனா எனக்கு அப்ப நாட்ராயன் சொன்னதுதான் ஞாபகம் வந்துது. உங்க தோட்டத்துக் கீரை ருசி எங்கயும் வராதுங்க்கா.

செரிடா தம்பி, தின்னுடான்னேன்.

பயந்துட்டீங்களா? நான் என்ன வெசத்த வாங்கிக் கலந்தனுங்களா? அவன் ஆத்துல ஊத்துனான், அத நான் அவனுக்கே திருப்பிக் குடுத்தேன். அவன் சாமான் அவன் வூட்டுக்குப் போவுது. இதுல என்ற கைக்காசுன்னு ஒண்ணுமே இல்ல, வெறும் ஒழைப்புத்தான். நான் அதுக்கப்பறம் ஆத்துத் தண்ணியத் தொடறதில்ல. பாத்திக்கு மட்டும் அந்த ஆத்தோர ஊத்துக்கெணத்துத் தண்ணிய எறைச்சு, அவனுக்குன்னே வளத்தேன். பக்கத்துக் காட்டுக்காரி கேட்டாக்கூடக் குடுக்க மாட்டேன். “அக்காவுக்கு அந்த நாட்ராயன் மேல என்னமோ அத்தனை பாசம்”னு அவ சொல்லிட்டுத் திரிஞ்சா.

வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கொண்டு போவேன். அவனே கேட்டுக்கு வந்து வாங்குவான். “உங்க கீரை இல்லீன்னா எனக்குச் சோறே எறங்கறதில்லீங்க்கா”ம்பான். எனக்கு வவுறு குளுந்து போவும். ஆனா பாருங்க, பணக்காரவூட்டுச் சமையக்காரிக ஒழுங்காவா ஆக்குவாளுக? பாதியக் குப்பையில போட்ருவாளுக. அதுக்குத்தான் நான் ஒரு ரோசனை பண்ணுனேன். எங்கண்ணன் மவ ரேணுகா, புருசன் உட்டுட்டுப் போயி, கைப்புள்ளையோட சீரழிஞ்சுட்டு இருந்தா. நாட்ராயன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி அவள அந்த வூட்டுல சமையலுக்குச் சேத்தி உட்டேன். பக்கத்துத் தெருவுலயே ரூமு. ரேணுகாவுக்கு என்ற மேல உசுரு. “அத்தை, நீங்க இல்லீன்னா நாங்க தெருவுலதான்”னு சொல்லிச் சொல்லி அழுவா. நான் அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: “என்ற கீரை வீணாவக் கூடாது சாமி. ஒரு கட்டுக்கூட வீணாவக் கூடாது.” அவளுக்கு வேற ஒண்ணுந் தெரியாது. நான் ஆருக்கும் சொல்லல.

போனுல கேப்பேன். “சாப்புட்டாங்களா?”ம்பேன். “ஒரு பருக்கை மிச்சமில்லீங்கத்தை, தட்ட வழிச்சுச் சாப்புட்டாச்சு”ம்பா.

கோயில் நோம்பியில அவன் காலத் தாங்கித் தாங்கி நடந்தான். எனக்கு அப்படியே சாமி வந்தாப்புல இருந்துது. ஆரம்பிச்சுருச்சு, இடுப்புக்கு வந்துருச்சு, அடுத்து தும்முவான்னு பாத்துட்டே நின்னேன். அப்பறம் விசாரிச்சா, பூப்பந்து வெளையாடி முட்டியத் திருப்பிக்கிட்டானாம். பொக்குன்னு போச்சு. செரி, ஒடனே ஆவாதுன்னுதான அந்தப் புள்ள சொல்லுச்சு, பொறுத்துப் பாப்போம்னு மனசத் தேத்திக்கிட்டேன். பொறுமையில என்னைய மிஞ்ச ஆளில்ல தம்பி.

ரேணுகா புள்ள பேரு தன்ஷிகா. அஞ்சு வயசு. நல்லா இருந்துது, வாயடிச்சா நிறுத்தாது. இப்பக் கொஞ்ச காலமா ஒரு மாதிரி. லீவுக்கு எங்கூட்டுக்கு வந்தா ஓடாது, ஆடாது, மூலையில உக்காந்துக்கும். வவுறு வலிக்குதும்பா. மொகம் வெளுத்துக் கெடந்துது. போன வருசம் எழுதுன ‘அ’னாவ இப்ப எழுதத் தெரியல. “அவங்கப்பனாட்டமே மக்கா வந்திருக்குது”ன்னு நான்கூட ஏசிப்போட்டேன்.

முந்தாநேத்து ரேணுகா போன் பண்ணுனா. நான் பாத்தியிலதான் நின்னுட்டு இருந்தேன், கையில கீரை. “அத்தை, புள்ளைய டாக்டருகிட்டக் காட்டுனேன். ரத்தம் கம்மியா இருக்குதாம். நெறையாக் கீரை குடுக்கச் சொல்றாரு. நீங்க வர்றப்ப ரெண்டு கட்டுச் சேத்திக் கொண்டாங்க”ன்னா.

நான், “எதுக்கு சாமி சேத்தி? அந்த வூட்டுக்குத்தான் கொண்டாரனே”ன்னேன்.

அதுக்கு அவ சிரிக்கறா தம்பி. சிரிச்சுக்கிட்டே சொல்றா: “உங்ககிட்டச் சொன்னா வெசனப்படுவீங்கன்னு சொல்லல. அவிய அத வூட்டுக்குள்ளயே விட மாட்டாங்கத்தை. ஆத்தோரத்து மண்ணு செரியில்ல, அங்கிருந்து எது வந்தாலும் அடுப்படிக்குப் போவக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாராம். நீயே எடுத்துட்டுப் போயிருன்னு அந்தம்மா மொதல் வாரமே குடுத்துட்டாங்க. நீங்கதான் ஒரு கட்டுக்கூட வீணாவக் கூடாதுன்னீங்களே? நாங்கதான் சாப்புடறோம். தன்ஷிக்குப் பருப்புல கடைஞ்சு நெய் ஊத்திப் பெசைஞ்சு குடுத்தா, தட்ட வழிச்சுத் திம்பா.”

பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா அவன் பண்ணுன வேலைய? அவனுக்குத் தெரிஞ்சிருக்குது! மண்ணு செரியில்லைன்னு தெரிஞ்சிருக்குது! தெரிஞ்சுக்கிட்டே என்ற கையில வாங்கி, “சோறே எறங்கறதில்லீங்க்கா”ன்னு சொல்லி, வாசல்லயே எங்கண்ணன் பேத்திக்குத் திருப்பி விட்டிருக்கறான். புருசனத் தின்னது பத்தாதுன்னு புள்ளையவும் அவனே தின்னுட்டான். அவன் மட்டும் ஒழுக்கமா அந்தக் கீரையத் தின்னிருந்தா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. சொல்லுங்க, ஆயிருக்குமா?

ரேணுகாகிட்டச் சொல்லீட்டீங்களான்னு கேக்கறீங்களா? எப்படித் தம்பி சொல்றது? “வூட்டுல இருக்கற கீரை வாடிப் போயிருக்கும், தூக்கிப் போடு, நான் புதுசாக் கொண்டாறேன்”னு மட்டும் சொன்னேன். நேத்துப் பெரியாசுபத்திரியில ரத்தம் எடுத்திருக்கறாங்க. பெரிய டாக்டரு ரேணுகாவக் கேட்டாராம், “பேட்டரிப் பட்டறைப் பக்கம் குடியிருக்கறியா? புள்ள என்ன திங்குது, எந்தத் தண்ணி குடிக்குது?”ன்னு. அவ, “நல்ல தண்ணிதான் சார், நல்ல சாப்பாடுதான், எங்கத்தை தோட்டத்துக் கீரை”ன்னு பெருமையாச் சொல்லிருக்கறா. ரத்தத்துல ஈயம் எதுல இருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும், நல்லா ரோசிச்சுட்டு வான்னு இன்னிக்கு மறுக்கா வரச் சொல்லிருக்கறாராம். அவளுக்கு என்ன தெரியும், ரோசிக்கறதுக்கு? எனக்குத்தான் தெரியும்.

அவளுக்கு என்னைய விட்டா ஆருமில்ல. எனக்கும் அவள விட்டா ஆருமில்ல. அதான் நேத்துச் சந்தைக்குப் போயி மலைப்பக்கத்துல இருந்து வந்த அரக்கீரையாப் பாத்து வாங்குனேன். நல்ல தண்ணியில வெளைஞ்சது. கடைக்கீரைன்னு தெரிஞ்சா ‘ஏனத்தை, நம்ம கீரை என்னாச்சு?’ம்பாளில்ல, அதுக்குத்தான் சந்தைக்காரி போட்ட நூலையெல்லாம் அவுத்துப் போட்டு, நம்மூட்டு வாழை நாருல, நான் எப்பவும் கட்டற மாதிரியே கட்டி எடுத்தாந்திருக்கறேன். அவ கண்டு புடிக்கவே மாட்டா.

அப்பறம் நாட்ராயனுக்கு எதுக்கு இன்னும் கீரைங்கறீங்களா? அவந்தான் திங்க மாட்டானேங்கறீங்க. திம்பான். இன்னிக்குத் திம்பான். ரேணுகா ஆசுபத்திரிக்கு அலையறாளில்ல, அவ வர்ற வரைக்கும் நான் வந்து ஆக்கிப் போடறேன்னு அந்தம்மாகிட்டப் பேசிட்டேன். “நீங்களா அக்கா? எங்களுக்கு எவ்வளவு பெருமை!”ங்கறா. கீரைய உள்ள விட மாட்டாங்களா? பொடிப் பொடியா அரிஞ்சு மாவுல போட்டு அடையாச் சுட்டா என்ன கீரை, ஏது கீரைன்னு எவனுக்குத் தெரியும்? கடையில வாங்குனதும்பேன். இத்தன நாளு மத்தவிய கையில விட்டதுதான் நான் பண்ணுன தப்பு. இனிமே என்ற கையாலயே ஊட்டி விடுவேன்.

அந்த வூட்டுலயும் ஒரு பேரன் இருக்குது, மூணு வயசு. அதெல்லாம் எனக்குத் தெரியாதா? அதுக்குத் தனியா நெய்ச்சோறு பெசைஞ்சு குடுத்துருவேன். நான் என்ன ராட்சசியா, பச்சப் புள்ளைக்குக் குடுக்கறதுக்கு? எது ஆருக்குப் போவோணும்னு எனக்குத் தெரியும். பிசகே வராது.

பெரியாசுபத்திரியா? வந்துருச்சுங்களா? பேச்சு வாக்குல தெரியவே இல்ல. அதா நிக்கறா பாருங்க ரேணுகா, பச்சைச் சேலை. அஞ்சு வயசுப் புள்ளைய இடுப்புல தூக்கிட்டு நிக்கறா, அதுக்குக் காலு வலியாம். சாமி, தன்ஷிக்குட்டி! கை காட்டுது பாருங்க தம்பி. இருடா தங்கம், இரு. அந்தப் பையத் தூக்கிக் குடுங்க, சன்னல்ல நீட்டிர்றேன்.

இது ஏன் இத்தன கனமா இருக்குது?

இதுல கொஞ்சந்தான வெச்சிருந்தேன். அந்தப் பை இப்படித் தொளதொளன்னு கெடக்குது. தம்பி, அப்பக் கொட்டுச்சே, எந்தக் கட்ட எந்தப் பையில போட்டீங்க? இருங்க, நெதானமா ரோசிச்சுச் சொல்லுங்க. கைக்கு வந்ததப் போட்டீங்களா? ரெண்டுங் கீரைதானன்னு...

ஆமா. ரெண்டுங் கீரைதான். நீங்க என்ன பண்ணுவீங்க? நான் அந்த போர்டப் பாத்துத் துப்பீட்டு இருந்தேன், நீங்க அள்ளிப் போட்டீங்க. இருங்க, பாக்கறேன். இது அவனோடது. இல்ல, இது... இதுலயும் என்ற நாருதான். இதுலயும் என்ற முடிச்சுதான். ரெண்டும் ஒரே பச்சை, ஒரே வாசனை. ஒண்ணுலயும் ஒண்ணுந் தெரியல தம்பி. கண்டக்டரு, விசில் அடிக்காதீங்க, சித்த இருங்க! பொறுமையே கெடையாதா உங்களுக்கு?

அவ கைய நீட்டீட்டு நிக்கறா. “குடுங்கத்தை”ங்கறா. புள்ளையும் நீட்டுது பாருங்க, அது வேற.

இல்ல சாமி. இருங்க, நான் எறங்கறேன். நாட்ராயன் வூட்டுக்கு இல்லீங்க, இங்கயேதான். வழிய விடுங்க தம்பி. பை வேண்டாம், ரெண்டும் இங்கயே கெடக்கட்டும். வெறுங்கையோட போனா ‘கீரை எங்கீங்கத்தை?’ம்பா. ‘ஏன்?’ம்பா. என்னன்னு சொல்லுவேன்? உள்ள டாக்டரு வேற உக்காந்திருக்கறாரு. அந்த நாட்ராயந்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுவேன். அவன் பேரச் சொல்லி, ஆத்தச் சொல்லி, அப்படியே மேல வந்தா... கீரை வரைக்கும் வந்துதான தம்பி தீரோணும்? செரி, வர்றேன். அவன் எங்க போயிருவான், அப்பறம் பாத்துக்கறேன்.

ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. அந்த ரெண்டு பையையும் சாக்கடையில கொட்டிப் போடுங்க. பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில போட்றாதீங்க தம்பி, அங்க மாடு மேயும். வாயில்லாத சீவன், பாவமுங்க.